முடி கொட்டுவதற்கு மூன்று மாதம் முன்னால்

1

போன வாரம் பட்டணத்து அலுவலகம் ஒன்றில் என் மனைவி காமாட்சி, காமாட்சி இல்லை என்று ஆகிவிட்டாள்.

மலாயாவில் பெரியவர்கள் எல்லாரும் படம் ஒட்டிய அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். சந்தைக்குப் போனாலும் சாவு வீட்டுக்குப் போனாலும் மடியில் அது இருக்க வேண்டும். காமாட்சி தன்னுடையதைச் சேலையோடு சேர்த்துத் துவைத்துவிட்டாள். புது அட்டைக்கு மனு எழுதி, தோட்டத்து அலுவலகக் கிராணியிடம் கையெழுத்து வாங்கி, கைக்குழந்தையையும் ஆறு வயது மகள் வசந்தாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். முதல் மேசையில் மனுவைப் பார்த்தார்கள். இரண்டாவது மேசையில் முதல் மேசைக்காரர் பார்த்தாரா என்று பார்த்தார்கள். மூன்றாவது மேசையில் ஒரு மலாய்க்கார குமாஸ்தா. ஊறி வெளுத்த பழைய படத்தைப் பார்த்தார், காமாட்சியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். படத்தில் இருப்பவளுக்குத் தோளில் தொங்கும் கனத்த சடை. எதிரில் நிற்பவளுக்கு வகிடு ஒரு விரல் அகலம், சடை சுண்டுவிரல் கனம்.

“லாயின் ஓராங்” என்றார். வேறு ஆள் என்று அர்த்தம்.

“என்ன சொல்றாரு?” என்றாள் காமாட்சி.

“நீ வேற ஆளாம்.”

“அப்ப நான் வீட்டுக்குப் போறேன். அந்த ஆளைக் கூட்டியாந்து நிறுத்துங்க. சோறும் அவளே பொங்கட்டும்.”

நான் எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் இவள் என் மனைவிதான் என்று வாதாடிக்கொண்டிருந்தேன். மேசை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டிருந்த வசந்தா குறுக்கே புகுந்து, “ரம்புட் ஜாத்தோ” என்றாள். முடி விழுந்துவிட்டதாம். தமிழில் கேட்டாலும் அம்மா முடி விழுந்துவிட்டது என்றுதான் சொல்வாள். முடி கொட்டும், பல்தான் விழும் என்று நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். அவளுக்கு மலாய்தான் முதலில் வாய்க்கு வருகிறது, அதைத்தான் பிறகு தமிழாக்கித் தருகிறாள்.

குமாஸ்தாவின் முகம் இளகிவிட்டது. காமாட்சியின் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்து, எத்தனை மாதம் என்று கேட்டார். நாலு என்றேன். அவர் சிரித்தார். தன் மனைவிக்கும் அப்படித்தான் ஆயிற்று என்று சொல்லி, காமாட்சியின் கட்டைவிரலை மையில் தோய்த்து உருட்டினார். அவள் மறுபடி காமாட்சி ஆனாள்.

என்னால் சிரிக்க முடியவில்லை. முடி கொட்டுகிற பெண்ணைக் கண்டதும் பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்பது எங்கள் போடிப் பக்கத்தில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கு ஊரில் என் தங்கை பேச்சியை என்ன பாடு படுத்தியது, அதில் என் பங்கு என்ன என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

நான் போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரன். போடியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, அங்கேயே ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராகச் சிவப்பு மருந்தும் வெள்ளை மருந்தும் கலக்கிக் கொடுத்துவிட்டு, மாமா ஒருவர் கூப்பிட்டதால் கப்பலேறி வந்தவன். இந்தச் சித்திரையோடு எட்டு வருஷம். மறு வருஷம் காமாட்சி வந்தாள். பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து மருந்தகத்தில் டிரஸ்ஸராக இருக்கிறேன். மாதம் இரண்டு முறை பெரிய டாக்டர் காரில் வருவார். மற்ற நாள்களில் காய்ச்சலுக்கும் கட்டிக்கும் பிரசவத்துக்கும் நான்தான் டாக்டர்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதற்கும் காரணம் தெரிந்தாக வேண்டும். மருந்து கொடுத்து அனுப்பினோமா, சோலி முடிந்ததா என்று இருக்க மாட்டேன். ஒருவனுக்கு ஏன் வந்தது, பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஏன் வரவில்லை என்று நோண்டிக்கொண்டே இருப்பேன். அதிலும் தலைமுடி விஷயம் என்றால் எனக்குத் தனி ருசி. மலாயில் முடிக்கு ரம்புட் என்று பெயர். ரம்புத்தான் பழத்துக்கு அந்தப் பெயர் வந்ததே தோலெல்லாம் முடி முளைத்திருப்பதால்தான். இதை முதன்முதலில் தெரிந்துகொண்ட அன்று ஒரு கூடை ரம்புத்தான் வாங்கிவந்து காமாட்சியிடம் திட்டு வாங்கினேன்.

முடி கொட்டுகிறது என்று வருகிறவர்களிடம் காரணம் கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தண்ணீரைத்தான் சொல்வார்கள். அதுவும் ஊரிலிருந்து புதிதாகக் கப்பலில் வந்தவர்களுக்கு மூன்றாம் மாதம் வாக்கில் கொத்துக்கொத்தாகக் கொட்டும். “இந்தத் தண்ணி நமக்குச் சேரல டிரஸ்ஸரய்யா” என்பார்கள். அதே தண்ணீரை இருபது வருஷமாகக் குடிக்கிறவருக்கு ஏன் கொட்டவில்லை என்று கேட்டால், “அவருக்குப் பழகிப்போச்சு” என்று பதில் தயாராக இருக்கும்.

பெரிய டாக்டரிடம் ஒருநாள் இதைக் கேட்டேன். அவர் கை கழுவிக்கொண்டே விளக்கினார். உடம்புக்கு ஒரு பெரிய அடி விழுந்தால், கடுங்காய்ச்சலோ பிரசவமோ பட்டினியோ எதுவானாலும் சரி, முடி வளர்வதை நிறுத்திவிடுமாம். நின்ற முடி உடனே கொட்டாது. இரண்டு மூன்று மாதம் சும்மா தலையில் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு மொத்தமாக விடும். அதற்குள் ஆள் எழுந்து நடமாடி, பட்ட பாட்டையும் மறந்திருப்பார். “இப்போது என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்காதே. மூன்று மாதம் முன்னால் என்ன நடந்தது என்று கேள்” என்றார். கப்பலில் பத்து நாள் வாந்தி, தனிமைப்படுத்தும் முகாமில் பாதிச் சோறு, மனசில் ஊர் நினைப்பு. கொட்டாமல் என்ன செய்யும்?

அன்றிலிருந்து அந்தக் கேள்வி எனக்கு ஒரு மந்திரக்கோலாகிவிட்டது. ஒரு நோட்டுப் போட்டு எழுதினேன். காசு அளவுக்கு வட்டமாக உதிர்ந்தால் புழுவெட்டு. ஏதோ பூச்சி கடித்தது என்று சின்ன வெங்காயம் தேய்ப்பார்கள். பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளைகளுக்குச் செதில் செதிலாக உதிர்ந்தால் படர்தாமரை. அது ஒரே சீப்பில் ஐந்து தலை வாருவதால் வருவது. இழுத்துக் கட்டிய கொண்டைக்காரிகளுக்கு நெற்றியோரம் ஏறும். போடி மலையிலிருந்து தலைச்சுமை இறக்குகிறவர்களுக்கு சும்மாடு உட்காருகிற உச்சியில் தேய்ந்திருக்கும். எங்கள் பக்கத்தில் உச்சியைப் பார்த்தே ஆள் மூட்டை தூக்குகிறவரா இல்லையா என்று சொல்லிவிடலாம். சோற்றில் சத்தில்லாமல், உடம்பில் ரத்தம் குறைந்து மெல்ல மெல்ல மெலிகிற முடி ஒரு வகை. எனக்கு ஏன் முன்நெற்றி ஏறிக்கொண்டே போகிறது என்பதற்கு மட்டும் நோட்டுத் தேவையில்லை. என் அப்பாவின் முகத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

3

அந்தக் கேள்வி கிடைத்ததும் நான் முதலில் ஆராய்ந்தது என் சொந்தக் கதையைத்தான்.

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு முந்தி எனக்கு மூன்று வாரம் விடாத காய்ச்சல். எழுந்து, கம்பைப் பிடிக்காத குறையாகப் போய்ப் பரீட்சை எழுதினேன். தேறிவிட்டேன் என்று செய்தி வந்த வாரத்தில் முடி கொட்ட ஆரம்பித்தது. தலையணையெல்லாம் முடி. எங்கள் ஆத்தாவுக்கு அதில் துளிக் கவலை இல்லை. “படிச்சுப் படிச்சு மண்டை சூடேறிக் கொட்டிருச்சு” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். சிலமலையில் எங்கள் தெருவில் பத்தைத் தாண்டிப் படித்தவன் நான் ஒருவன்தான். அரைத்தலை முடி போனது ஆத்தாவுக்கு ஒரு பட்டம் மாதிரி இருந்தது. காய்ச்சலை யாரும் நினைக்கவில்லை. அது போய் மூன்று மாதமாகிவிட்டதே.

அப்பாவுக்கும் ஒரு முறை அப்படிக் கொட்டியது. அவர் சீசனுக்குச் சீசன் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்பு மூட்டுவார். முடி கொட்டியதும் ஸ்டோர் புகைதான் காரணம் என்று முடிவு செய்து, மறு வருஷம் தலையில் துண்டு கட்டிக்கொண்டு போனார். அதற்கு முந்தின சீசனில் அவருக்கு மலைக்காய்ச்சல் வந்து போயிருந்தது. துண்டு கட்டிக்கொண்டு போன சீசனில் அதே காய்ச்சல் மறுபடி வந்து அவரைக் கொண்டுபோய்விட்டது. முடி கொட்டியபோதே யாராவது சரியான கேள்வியைக் கேட்டிருந்தால் அவரை மலைக்கு விட்டிருக்க மாட்டார்கள் என்று இப்போது நினைக்கிறேன். நினைத்து என்ன செய்ய.

மூன்று மாதக் கணக்கு எங்கள் பக்கத்தில் யாருக்குமே தெரியாது என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாப் பெண்களுக்கும் அது தெரியும். பிள்ளை தாயின் முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்பார்கள். பிள்ளை முகம் பார்ப்பது மூன்றாம் மாதம். எவ்வளவு துல்லியமான கணக்கு பாருங்கள். பிரசவத்துக்குப் போட்ட அந்தக் கணக்கைக் காய்ச்சலுக்கும் போட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆகவே ஒரு பெண்ணுக்குத் திடீரென்று கொத்தாக முடி கொட்டினால், அவர்கள் மனசு ஒரே ஒரு இடத்துக்குத்தான் போகும்.

4

மாசி மாதம் ஆத்தாவிடமிருந்து கடிதம் வந்தது. ஆத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் தெரு மளிகைக் கடை சுப்பையா அண்ணன்தான் அவள் சொல்லச் சொல்ல எழுதுவார், நான் போடுவதைப் படித்தும் காட்டுவார்.

என் தங்கை பேச்சியம்மாளுக்கு வைகாசியில் போடியில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்தத்தில் தையல் கடை. நல்ல இடம். பேச்சி ஆவணியில் ஏலக்காய் எடுக்க மலை ஏறியவள் மார்கழிக் கடைசியில் இறங்கி வந்தாள். தை பிறந்ததும் அவளுக்கு முடி கொட்ட ஆரம்பித்திருக்கிறது.

கடிதத்தில் இப்படி இருந்தது:

“பேச்சிக்கு முடி கைகையா வருது தம்பி. முழங்கால் வரைக்கும் கெடந்த முடி, இப்ப எலிவால் கணக்கா இருக்கு. அரப்பு மாத்திப் பாத்தாச்சு. மலைத் தண்ணிங்கிறாக. மாப்ளே வீட்டம்மா வந்து பாத்துட்டு, நாலு மாசம் மலையில இருந்த புள்ளைக்கு இப்ப எதுக்கு இப்படிக் கொட்டுதுன்னு கேட்டுட்டுப் போயிட்டாக. ஒரு மாதிரியா பேசுறாக. உனக்கு வெளங்கும்னு நெனைக்கிறேன். உங்க மகன் மருந்துக்காரரு தானே, என்ன காரணம்னு அவரு சொல்லட்டும், நாங்க கேட்டுக்கிறோம்னு சொல்லிட்டாக. நீ வெரசா ரெண்டு வரி எழுதிப் போடு அப்பு. உன் வாயில தான் இருக்கு.”

எனக்கு விளங்கியது. சுப்பையா அண்ணனிடம் வாய் விட்டுச் சொல்ல முடியாததை ஆத்தா ‘ஒரு மாதிரியா’ என்ற வார்த்தைக்குள் வைத்து அனுப்பியிருந்தாள். பேச்சி மலையில் பிள்ளை பெற்றுவிட்டு வந்திருக்கிறாளோ என்பதுதான் அவர்கள் சந்தேகம். என் இரண்டு வரியில் அவள் கல்யாணமும் பெயரும் நின்றன.

5

கடிதத்தைக் காமாட்சிக்குப் படித்துக் காட்டினேன். அவள் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

“காய்ச்சல்ல கொட்டுறதுதான், பயப்பட ஒண்ணுமில்லன்னு எழுதிப் போடுங்க” என்றாள்.

“அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சுன்னு ஆத்தா எழுதலையே.”

“வந்துச்சோ வரலையோ, எழுதுங்க.”

“தெரியாம எப்படி எழுதுறது? நாளைக்குப் பொய்யின்னு ஆச்சுன்னா?”

“அது பொய்யின்னு யாரு வந்து சொல்லப் போறா? நீங்க அவளுக்கு அண்ணனா, டாக்டரா?”

நான் அன்று டாக்டராக இருந்தேன். காரணம் தெரியாமல் மருந்து எழுதக் கூடாது என்று காமாட்சிக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். அவள் குழந்தைக்குத் தலை துவட்டினாள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பிரசங்கத்துக்கு அடியில் வேறு ஒன்று இருந்தது. நான் கப்பலேறியபோது பேச்சிக்குப் பன்னிரண்டு வயது. இருபது வயதுப் பேச்சியை நான் பார்த்ததில்லை. அவள் சுபாவம் என்ன, யாரோடு பேசுவாள், எதற்குச் சிரிப்பாள், ஒன்றும் தெரியாது. ஆவணியிலிருந்து பின்னால் எண்ணிப் பார்த்தேன், மார்கழியிலிருந்தும் எண்ணிப் பார்த்தேன். போடி மாப்பிள்ளையின் தாயார் போட்ட கணக்கை நானும் போட்டேன். ஏலம் எடுக்கிற பெண்கள் தோட்டத்து லய வீடுகளில் எட்டுப் பேராக ஒரே அறையில் படுப்பார்கள், ஒருத்தி பிள்ளை பெற்றால் ஊருக்கே தெரிந்துவிடும். இதைக்கூட யோசிக்காமல் விரல் மடக்கிக்கொண்டிருந்தேன்.

எழுதினேன். நகல் வைத்திருக்கிறேன், அதனால் வார்த்தை பிசகாமல் தருகிறேன்: “முடி கொட்டுவதற்குப் பல காரணங்கள் உண்டு. கொட்டத் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னால் மலையில் பேச்சிக்கு என்ன நடந்தது என்பதை அவளிடம் தனியாகக் கேட்டு, ஒளிக்காமல் சொல்லச் சொல்லி எழுதவும். அது தெரிந்த பிறகுதான் நான் எதுவும் சொல்ல முடியும்.”

இதற்குக் கீழே வழக்கம் போல் விசாரிப்புகள். சுப்பையா அண்ணனுக்கு, எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு, வடக்குத் தெரு மாமனுக்கு என்று ஒன்பது பேர் பெயர் எழுதி, கேட்டதாகச் சொல்லவும் என்று முடித்தேன்.

ஒன்பது பெயரை எழுதிய கைக்கு, அந்தப் பெயர்கள் அங்கே எதற்காக இருக்கின்றன என்பது மறந்துவிட்டது. மலாயாக் கடிதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சொத்து இல்லை. தபால்காரர் வந்துவிட்டுப் போனால் சுப்பையா அண்ணன் கடை வாசலில் ஆள் கூடிவிடும். தன் பெயர் வருகிறதா என்று கேட்கத்தான் வருவார்கள். பெயர் வராதவர்கள் அடுத்த கடிதம் வரும்வரை ஆத்தாவிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். மாமா போட்ட கடிதங்களில் என் பெயர் வருகிறதா என்று நானே அந்தக் கூட்டத்தில் நின்றவன்தான். எட்டு வருஷத்தில் கடிதத்தை ஒருவர் தனியாகப் பிரித்து, தனியாகப் படிக்கிற ஊர்க்காரனாகிவிட்டேன்.

6

பங்குனியில் வந்த பதிலைச் சுப்பையா அண்ணன் ஆத்தாவுக்காக எழுதவில்லை. தனக்காக எழுதியிருந்தார்.

“அன்புள்ள தம்பிக்கு, கடைக்காரச் சுப்பையா எழுதிக்கொண்டது. என் மேல் தப்பு உண்டு. உன் கடிதாசி வந்த அன்று மாப்பிள்ளை வீட்டம்மாவையும் ஆள் விட்டு வரச் சொல்லியிருந்தது. எல்லோரும் நல்ல வார்த்தை வரும் என்று உட்கார்ந்திருந்தோம். நான் வழக்கம் போலச் சத்தமாகப் படித்தேன். ‘தனியாகக் கேட்டு’ என்ற இடம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது. நிறுத்தினேன். நிறுத்தியது அதைவிடப் பெரிய தப்பாகப் போயிற்று.”

பேச்சி அப்போது செம்பில் தண்ணீர் கொண்டு வந்து மாப்பிள்ளை வீட்டம்மாவிடம் நீட்டிக்கொண்டு நின்றாளாம். அந்த அம்மாள் செம்பை வாங்கவில்லை. ஆத்தாவைப் பார்த்து, “கூடப் பொறந்த அண்ணனே கேக்குறாரு. நாங்க கேட்டா மட்டும் பொல்லாப்பா?” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். மறுநாள் தாம்பூலத் தட்டு திரும்பி வந்தது.

கேட்டது யார் என்றால் நான்தான். ஊரார் இரண்டு மாதமாகக் குசுகுசுவென்று பேசியதை, கடல் கடந்து இருந்துகொண்டு, கடை வாசலில் உரக்கக் கேட்டவன் நான். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மருந்தகத்தில் நின்றேன். வரிசையில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஊரில் யாரும் தவறிவிட்டார்களா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அவமானத்தில் அன்று யாருக்கும் ஊசி போடவில்லை.

7

பட்டண அலுவலகத்துக்குப் போவதற்கு முந்தின நாள் இன்னொரு கடிதம் வந்தது. புதுக் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் பெரிது பெரிதாக, கோடு விட்டு இறங்கி இறங்கிப் போயிற்று.

“அண்ணே, பேச்சி எழுதுறேன். நீ கேட்டதுக்குப் பதில். ஐப்பசியில எனக்குக் குளிர்காய்ச்சல் வந்துச்சு. பதினோரு நாள் லயத்துல கெடந்தேன். பக்கத்து அறை மலையாளத்துச் சேச்சி ஒருத்தி கஞ்சி ஊத்திப் பாத்துக்கிட்டா. ஆத்தாகிட்ட நான் சொல்லல. அப்பாவைக் கொண்டுபோன காய்ச்சல்னு ஆத்தா மலைக்கே விடாது. காய்ச்சல் வந்தா மறுநாளே எறங்கிருவேன்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் ஏறியிருந்தேன். முடி கொட்டுனப்ப அந்தக் காய்ச்சல் நெனைப்பே எனக்கு வரல. அது வந்து போயி எவ்வளவு நாளாச்சு. என்னைய யாரும் காய்ச்சல் வந்துச்சான்னு கேக்கவும் இல்ல.

உன் காயிதத்தைச் சுப்பையா அண்ணன்கிட்ட வாங்கி நானே படிச்சேன். மூணு மாசம்னு நீ எழுதியிருந்ததைப் பாத்து விரல் விட்டு எண்ணுனேன். ஐப்பசி வந்துச்சு. அப்பத்தான் எனக்கே வெளங்குச்சு. ஆத்தாகிட்ட சொன்னேன். ஆத்தா அழுதுச்சு. மாப்ளே வீட்டுக்குப் போயிச் சொல்லுச்சு. இப்ப சொல்லிக் குடுத்துச் சொல்றீகன்னு அவுக நம்பல.

எங்க லயத்துல அதே காய்ச்சல்ல ரெண்டு ஆம்பளைகளும் கெடந்தாங்க. தையில அவங்களுக்கும் கொட்டுச்சு. ஒருத்தருக்குப் போன மாசம் கல்யாணம் ஆயிருச்சு. அவரை யாரும் தனியா கூப்பிட்டுக் கேக்கல.

நீ தப்பாக் கேக்கலண்ணே. சரியான கேள்வியத்தான் கேட்டிருக்க. அதை என்கிட்ட கேட்டிருக்கலாம். நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. என் பேருக்கு ஒரு காயிதம் போட்டிருந்தா நானே பதில் எழுதியிருப்பேன். எட்டு வருசமா என் பேரு ஆத்தாவுக்குப் போடுற காயிதத்துல கடைசியிலதான் வருது.

எல்லாரு முன்னாடியும் படிச்சாச்சு. நீயும் எல்லாரு முன்னாடியும் பதில் சொல்லு. என் பேரைப் போட்டே சொல்லு. நான் களை எடுக்க மலைக்குப் போறேன். புது முடி மொளைக்குது, கையில குத்துது.”

அவள் சொன்னபடியே செய்கிறேன். போடிக்காரர்களே, சிலமலைக்காரர்களே, சுப்பையா அண்ணன் கடை வாசலில் கூடுகிறவர்களே. பேச்சியம்மாளுக்கு முடி கொட்டியது குளிர்காய்ச்சலால். காய்ச்சல் ஐப்பசியில், கொட்டியது தையில். உலகத்தில் எந்த ஊர் உடம்புக்கும் அதுதான் கணக்கு. கேள்வியைக் கேட்ட மருந்துக்காரனே பதிலையும் சொல்கிறேன். அவள் மேல் ஒரு குறையும் இல்லை. குறை என்னுடையது. இதைச் சுப்பையா அண்ணன் எவ்வளவு சத்தமாகப் படித்தாலும் எனக்குச் சம்மதம்.

நேற்று பேச்சிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினேன். எட்டு வருஷத்தில் அவள் பெயருக்கு நான் எழுதும் முதல் கடிதம். காரணம் எதுவும் விசாரிக்கவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது, காய்ச்சல் மறுபடி வந்ததா, மாத்திரை அனுப்பினால் சாப்பிடுவாயா, கூட இருப்பது யார் யார் என்று கேட்டிருந்தேன். மன்னித்துக்கொள் என்றும் எழுதினேன். ஒட்டிவிட்டு, மேலே செல்வி பேச்சியம்மாள் என்று எழுதினேன். அடுத்த வரியில் பேனா நின்றுவிட்டது. அவள் கடிதத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அனுப்புகிறவர் விலாசத்தில் பேச்சி என்று மட்டும் இருந்தது. சிலமலைக்குப் போட்டால் கடை வாசலில்தான் பிரிப்பார்கள்.

வசந்தா என் முழங்கையில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

“யாருக்குப்பா?”

“உன் அத்தைக்கு.”

“அத்தை எங்க இருக்காங்க?”

“மலையில” என்றேன்.

“எந்த மலை? என்ன எஸ்டேட்?”

தோட்டத்துப் பிள்ளை, அவளுக்குக் கேட்கத் தெரிந்திருக்கிறது. போடிமெட்டுக்கு மேலே எத்தனையோ எஸ்டேட்டுகள் இருக்கின்றன. என் தங்கை எதில் வேலை பார்க்கிறாள் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.